காலிப் பெட்டிகள் கண்ட வளர்ச்சி

அவ்லேக்போ துறைமுகத்தில் சரக்குப் பெட்டிக்கணக்கு அதிகாரி ரோமுவாலுக்கு அந்த ஆண்டு இரண்டே வழிதான். நானூறு மீட்டர் நீளக் கப்பல் வாராவாரம் வந்து நின்றால் துணை இயக்குநர் நாற்காலி. வராவிட்டால் வடக்கே எழுநூறு கிலோமீட்டர் தள்ளி, ஆடுகளும் செம்புழுதியும் மட்டுமே உள்ள உலர்துறைமுகம். கடலே இல்லாத இடத்தில் துறைமுகம் எதற்கு என்று கேட்காதீர்கள். லாரியில் பெட்டி வரும் என்று அரசாங்கம் கட்டிவிட்டது, பிடிக்காதவனை அனுப்ப ஓர் இடம் வேண்டாமா?

"மீன் கிடைக்காத ஊருக்கு நானும் பிள்ளைங்களும் வரமாட்டோம். நீ வேணா போய் ஆடு மேய்" என்று மனைவி டெலாலி சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அந்தப் பெரிய கப்பல் இந்தக் கரையில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்குமாம். ஆண்டு முடிவில் யார் அதிகப் பெட்டி கையாண்டார்கள் என்று பார்த்து முடிவு செய்வதாகக் கப்பல் கம்பெனி அறிவித்தது. அவ்வளவுதான், அவ்லேக்போவுக்கும் எல்லைக்கு அப்பால் நூறு கிலோமீட்டரில் இருக்கும் செமேஜி துறைமுகத்துக்கும் ஒரே நாளில் பேய் பிடித்தது.

பெட்டிக்கு எங்கே போவது? வருகிற பெட்டியில் அரிசியும் உறைகோழியும் பழைய துணியும் வரும். திரும்புகிற பெட்டியில் பெரும்பாலும் காற்றுதான். இரண்டு ஊர் முற்றத்திலும் காலிப் பெட்டிகள் மலைமலையாகக் கிடந்தன.

செமேஜியில் பெட்டிக்கணக்கு பார்ப்பவன் செனியோ, டெலாலியின் அண்ணன். எல்லையில் இருந்த மாமனார் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த மீனும் பனஞ்சாராயமுமாக மச்சான்கள் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"என்ன மச்சான், உங்க ஊர்ல லாரிக்காரன் வரிசையில நின்னுக்கிட்டே கல்யாணம் முடிச்சு, புள்ள பெத்து, அப்புறம்தான் பெட்டி எடுக்கிறானாமே?" என்றான் செனியோ.

"எங்களுக்கு லாரியாவது வருது. உங்க கிரேன்ல காக்கா கூடு கட்டியிருக்காம்ல."

"சரி விடு. பெட்டியைக் கப்பல்லேர்ந்து இறக்கினா ஒண்ணு. திரும்ப ஏத்தினா இன்னொண்ணு. உலகம் பூரா இதான் கணக்கு. உள்ள கோழி இருக்கா காத்து இருக்கான்னு எவன் தொறந்து பார்க்கிறான்?"

ரோமுவால் மீன் முள்ளைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அடுத்த வாரமே ஒரு சின்ன வாடகைக் கப்பல் அறுநூறு காலிப் பெட்டிகளோடு அவ்லேக்போவிலிருந்து புறப்பட்டது. செமேஜியில் இறக்கினார்கள், எண்ணினார்கள். மறுபடி ஏற்றினார்கள், எண்ணினார்கள். இங்கே வந்ததும் அதே சடங்கு. வாரத்துக்கு இரண்டு நடை. ஓரம் நசுங்கிய பச்சைப் பெட்டி ஒன்று அடிக்கடி வந்துபோனதில் கூலியாட்களுக்கு உறவே ஆகிவிட்டது. "வாங்க சித்தப்பா, பயணமெல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுத்தான் கொக்கியைக் கழற்றுவார்கள்.

ஆண்டு முடிவில் அவ்லேக்போவின் வளர்ச்சி நாற்பத்தொரு சதவீதம். செமேஜி நாற்பத்திரண்டு. கப்பலில் ஒரு மூட்டை அரிசிகூடக் கூடுதலாக வரவில்லை, ஆனால் இரண்டு நாட்டுச் செய்தித்தாள்களும் பாராட்டி எழுத இடமில்லாமல் தவித்தன. அவ்லேக்போ துறைமுக இயக்குநர் அஹோவிக்கு அமைச்சர் பதக்கம் குத்தினார். ரோமுவால் புதுச் சட்டை தைத்துக்கொண்டான். டெலாலி அந்த வாரம் முழுக்க அவனிடம் மரியாதையாகப் பேசினாள்.

ஜனவரியில் கப்பல் கம்பெனியின் கடிதம் வந்தது. அஹோவி அதை ரோமுவாலிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். இரு துறைமுகங்களின் வளர்ச்சியும் வியப்பூட்டுகிறதாம். மனமார்ந்த பாராட்டுகளாம். இவ்வளவு பெட்டி புழங்கும் இடங்களில் முற்றம் நிரம்பி வழியும், எங்கள் பெரிய கப்பல் வரிசையில் காத்திருக்க நேரும். ஆகவே, யாரும் எட்டிப் பார்க்காத புதுத் துறைமுகமான கடேபாவுக்கு அதை அனுப்புகிறோம். உங்கள் இருவருக்குமான பெட்டிகள் அங்கிருந்து சின்னக் கப்பல்களில் வரும்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான்.

"கடேபாவுல அந்தப் பெட்டியை எத்தனை தடவை எண்ணுவாங்க?" என்று கேட்டார் அஹோவி.

"இறக்க ஒண்ணு, ஏத்த ஒண்ணு, அங்க ரெண்டுங்க ஐயா. நமக்கு ஒண்ணு."

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று ரோமுவால் நொந்துகொண்டான். ஆனாலும் ஒரு நப்பாசை. "ஐயா, உண்மையை எழுதிடலாம். நம்ம முற்றத்துல எடம் நெறைய இருக்கு, சுத்தினது பூரா காலிப் பெட்டின்னு ஒரு வரி எழுதினா கப்பல் இங்கயே வந்துடும்."

அஹோவி பதக்கத்தைத் தடவிப் பார்த்தார். "வளர்ச்சியைக் காட்டி இதை வாங்கியிருக்கேன். நெரம்பியிருக்குன்னு நாடே நம்புது. நீ இப்ப காலின்னு எழுதச் சொல்றியா?"

"என் குடும்பம் சிதறிடும் ஐயா."

"கணக்குப் பார்க்கத் தெரிஞ்சவன் எங்க போனாலும் பொழைச்சுக்குவான்" என்று மாற்றல் உத்தரவை மேசையில் தள்ளினார் அஹோவி. வடக்கு, உலர்துறைமுகம், திங்கட்கிழமை முதல்.

"அங்க போன வருஷம் பூரா ஒரு பெட்டிகூட வரலையே ஐயா."

"நல்லதாப் போச்சு. ஒண்ணு வந்தாலும் வளர்ச்சிதான்."