அமலராணி அக்காவின் குட்டைக்கு எத்தனை கிராம்?

1
இந்தக் கதைக்கு மூலம், இன்று மதியம் நான் போனில் சொன்ன ஓர் எண்.

பகலில் திண்டுக்கல்லில் மீன்தீவனக் கடை வேலை. மாலையில் எழுத்து வகுப்பு. வெள்ளோட்டில் திராட்சைத் தோட்டத்துக்குள் மீன்குட்டை வைத்திருக்கும் அமலராணி அக்கா அழைத்தார். கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க வேண்டிய கட்லா மீன். குட்டை முழுக்கப் பாசி. பாசியைக் கொல்ல மயில்துத்தம் எவ்வளவு போடலாம்? போன சித்திரையில் அதே குட்டையில் போட்டு ஒரு மீன்கூடச் சாகாத அளவு என் டைரியில் இருந்தது. [எண் இங்கே இருந்தது. அடித்துவிட்டேன்.] கிராம் என்றேன்.

2
வகுப்பில் இதை எழுத முதல் முயற்சி: "பாசி பச்சைப் பட்டாய் விரிந்து" – வேண்டாம். பட்டால் மீனுக்கு என்ன பயன்?

இரண்டாவது: "அக்காவின் கணவர் சகாயராஜ் எதையும் நம்பாதவர்." பொய். துத்தத்தை நம்புவார். சுண்ணாம்போடு கலந்து திராட்சைக் கொடிக்கு அடித்துப் பழகிய கை. "கொடிக்கு ஆகுது, கட்லாவுக்கு ஆகாதாக்கும்?" என்பார்.

மூன்றாவது: "சித்திரையில் போர்த்தண்ணீர் நிரப்பிய குட்டை, இந்த ஐப்பசியில் மழைத்தண்ணீரால்

3
முடிக்கவில்லை. (முடித்திருந்தால் நல்ல வாக்கியம்.)

போர்த்தண்ணீர், பானையில் வெள்ளைப் படிவு விடுகிற ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் அன்று துத்தத்தின் கடுமையை அடக்கியது. மழைத்தண்ணீரில் அது சொற்பம்; அதே அளவு இப்போது மீனின் செவுளை அரித்துவிடும். என் டைரியில் தேதி இருந்தது, கிராம் இருந்தது. என்ன தண்ணீர் என்பது மட்டும் இல்லை.

4
வகுப்பைவிட்டு வெளியே ஓடி அழைத்தேன்.

"அக்கா, துத்தம் போட்டாச்சா?"

"கரைச்சாச்சுத்தா. அவுக வாளியோட கரையில நிக்கிறாக."

"ஊத்த வேணாம்க்கா! நான் சொன்னது தப்பு. தண்ணிய டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும்."

பின்னால் சகாயராஜ் அண்ணன்: "மத்தியானம் ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணா? அம்புட்டும் நோட்டுல இருக்குன்னுச்சே அந்தப் புள்ள!"

"நோட்டுலதாண்ணே தப்பு," என்றேன்.

போனில் வாளியின் கைப்பிடி கிறீச்சிட்டது.

5
முடிவு அ: ஊற்றுகிறார். விடியும்போது கட்லாக்கள் வயிறு மேலாக.

முடிவு ஆ: முணுமுணுத்தபடி வாளியைக் கீழே வைக்கிறார். (என்னைத் திட்டுகிறார். இதுவே எனக்குப் பிடித்தது.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் அடித்த எண்ணை மட்டும் நீங்களாக நிரப்பாதீர்கள். அதற்கு உங்கள் குட்டைத் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும். கடை காலை ஒன்பதுக்குத் திறக்கும்.