இமெல்டா டீச்சர் பேஷியலுக்குப் போன காலை

அன்று காலை வெள்ளவத்தையில், ஜவாஹிறாவின் பார்லர் மாடியறையில் ஐந்து பேர் இருந்தார்கள். யன்னலோரக் கட்டிலில் ஹம்சிகா, அடுத்த மாதக் கலியாணப் பெண். நடுக்கட்டிலில் மாப்பிள்ளையின் தமக்கை ரதி டீச்சர், தன் வீட்டுக் கட்டில் போலக் காலை மடக்கி அமர்ந்திருந்தாள். சுடுதண்ணீர்க் கேத்தலுக்குப் பக்கத்து முக்காலியில் உதவிக்கு நிற்கும் சீனியம்மா. சில்லு வைத்த சிறு கதிரையில் ஜவாஹிறா. மூன்றாவது கட்டில் காலியாகக் கிடந்தது. அதற்குரியவள், ரதியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் இமெல்டா டீச்சர், கதவோரத்துப் பிளாஸ்டிக் கதிரையில், கைப்பையை மடியில் அணைத்தபடி, எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்திருந்தாள்.

ரதியின் வற்புறுத்தலுக்காகக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியதிலிருந்தே அவளுக்கு அந்த எண்ணம்தான். காரணம் ஒன்றே. அவளுடைய நாடியிலும் தாடையிலும் மயிர் முளைக்கும். ஒன்றிரண்டு இழையல்ல, இளந்தாரிப் பையனின் முதல் தாடி போல. விடியுமுன் குளியலறைக் கதவைத் தாழிட்டுச் சவரம் செய்து, பவுடர் பூசி, அதற்குப் பிறகுதான் வீட்டாருக்கே முகம் காட்டுவாள். உலகில் ஒருவருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தாள்.

அந்தச் சவரத்தால் இப்போது ஒரு பெரிய காரியம் கெடவிருந்தது. விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சிக்கு அவள் நெடுநாள் ஆசைப்பட்டவள். இந்த முறை அவளுக்கும் ரதிக்கும் சேர்ந்தே இடம் கிடைத்திருந்தது. பண்டாரவளையில் ஆறு மாதம் தங்கிப் படிக்க வேண்டும். ஓர் அறையில் இருவர், மாடிக்கொரு குளியலறை. ரதி அப்போதே சம்மதம் எழுதிவிட்டாள். இமெல்டாவின் பதில் இன்று பதிவுத் தபாலில் போயாக வேண்டும். அம்மாவின் சுகவீனம் காரணமாக வர இயலவில்லை என்று எழுதிய கடிதம் கைப்பைக்குள் இருந்தது. அம்மாவோ கற்தூண் மாதிரி இருந்தாள்.

“முதல் தரம் வந்தவங்களுக்கு நான் சொல்லிட்டுத்தான் கை வெக்கிற,” என்று ஜவாஹிறா தொடங்கினாள். “முதல்ல முகத்தைத் துடைச்சுச் சுத்தம் செய்யிற. பொறகு லைட்டைப் போட்டு ஒங்கட தோல் எப்பிடி எண்டு பாக்கிற. அதுக்குப் பொறகு ஸ்க்ரப், செத்த தோல் கழரும். பொறகு ஸ்டீம், கரும்புள்ளி எடுக்கிற, மசாஜ், கடைசியில மாஸ்க். ஒண்டுக்கும் பயப்புட வாணாம்.”

“நோகுமோ அக்கா?” என்றாள் ஹம்சிகா.

“மூக்கில கரும்புள்ளி எடுக்கக்குள்ள கொஞ்சம் கடிக்கும்.”

“நோகட்டும். என்ர தம்பியைக் கட்டப் போறவ. இப்பவே பழகினால் நல்லம்,” என்றாள் ரதி.

“உங்கட தம்பிக்கு இது காணாது மச்சாள். அதுக்கு வேற வைத்தியம் வேணும்.”

சீனியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜவாஹிறா சிரிக்கவில்லை, அடுத்த கேள்விக்கு வந்துவிட்டாள்.

“ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும். இந்த ரெண்டு மூணு நாளைக்குள்ள முகத்தில த்ரெட்டிங், வெக்ஸ், ஷேவ் எதும் செஞ்சீங்களா? அந்தத் தோலில ஸ்க்ரப் பட்டா நெருப்பு மாதிரி எரியும்.”

“ஷேவோ? பொம்பிளையளோ?” என்று ஹம்சிகா சிரித்தாள்.

“நீ சும்மா இரு,” என்றாள் ரதி, சட்டென்று.

“இல்லை,” என்றாள் இமெல்டா. யாரும் அவளைத் தனியாகக் கேட்கவில்லை.

ஓடமுடியாமல் போயிற்று. மூன்றாவது கட்டிலில் படுத்தாள். தலைமயிரைப் பட்டியால் கட்டினார்கள். சீனியம்மாவின் பஞ்சு நெற்றியிலிருந்து இறங்கி, கன்னத்தைக் கடந்து, நாடியில் மெத்தென்று நின்றது. அன்று விடியற்காலையில் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரை இரண்டு தரம் பூசியிருந்தாள். அது முழுவதும் இப்போது பஞ்சோடு போய்விட்டது. அடுத்து, பூதக்கண்ணாடி பொருத்திய வட்ட விளக்கு முகத்துக்கு மேலே வந்தது. இமெல்டா கண்ணை மூடிக்கொண்டு செபமாலையின் ஒரு மணியைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியாமல் கிடந்தாள்.

ஜவாஹிறாவின் விரல் தாடை வழியே வந்து ஓரிடத்தில் நின்றது. பிறகு சுவிட்ச் தட்டும் சத்தம். மூடிய இமைக்குள் இருட்டாயிற்று.

“சீனியம்மா, இவங்களுக்கு ஸ்க்ரப் வாணாம். ஸ்டீமும் வாணாம். கத்தாழை ஜெல்லும் குளிர்ந்த துணியும் கொண்டாங்க.”

“சரிங்க மிஸ்.”

ஜவாஹிறா குனிந்து காதோரமாகச் சொன்னாள்: “டீச்சர், காலையில ஷேவ் எடுத்தீக்கிறீங்க. சொல்லியிருந்தா முடிஞ்சிது. ஸ்க்ரப் போட்டிருந்தா கத்தியிருப்பீங்க.”

இமெல்டா கண்ணைத் திறந்தாள். “வேற ஆக்களும்... இப்பிடி வாறவையோ?”

“கனக்கப் பேர். பெரிய பெரிய எடத்து மிஸ்மார். எல்லாரும் தனக்கு மட்டுந்தான் எண்டு நெனச்சிட்டுத்தான் வாற.”

“சவரம் செய்தால் இன்னும் மொத்தமா வருமாமே?”

“அது சும்மா கதை. வெட்டின முனை சொரசொரப்பா ஈக்கும், அவ்வளவுதான். மாசம் பிந்திப் பிந்தி வருதா?”

“ஓம்.”

“அப்ப ஒருக்கா டொக்டரைக் காட்டுங்க. அது ஏன்ட வேலையில்ல. ஏன்ட வேலை இந்தத் தோலைப் புண்ணாக்காம அனுப்புற.”

குளிர்ந்த துணி நாடியில் படிந்தபோது, விடியற்காலையிலிருந்து அங்கே தகித்துக்கொண்டிருந்த எரிவு அடங்கியது. அப்படியொரு எரிவு இருந்ததே அடங்கிய பிறகுதான் இமெல்டாவுக்குத் தெரிந்தது.

நடுக்கட்டிலிலிருந்து குரல் வந்தது. ரதியின் கண்களில் பஞ்சு வைத்திருந்தது. வாய்க்கு ஒன்றும் வைக்கவில்லை. “எங்களை மரவள்ளி மாதிரி அவிக்கிறியள். இமெல்டாவுக்கு மட்டும் என்ன ராச மரியாதை?”

“அவங்கட தோல் கொஞ்சம் வறண்டது,” என்றாள் ஜவாஹிறா.

அதோடு விட்டிருக்கலாம். அழகாகத் தப்பியிருக்கலாம். ஆனால் இன்று முதல்தரம் பார்த்த ஒரு பெண், தனக்காகப் பொய் சொல்லிவிட்டு அமைதியாகத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். இமெல்டாவுக்கு அது பொறுக்கவில்லை.

“வறண்டதில்லை ரதி. நான் காலையில சவரம் செய்தனான். ஒவ்வொரு நாளும் செய்யிறனான்.”

ஹம்சிகா யன்னலோரத்தில் தலையைத் தூக்கினாள்.

“தெரியும்,” என்றாள் ரதி.

“என்ன தெரியும்?”

“எடியே, ஸ்டாஃப் ரூமில உனக்குப் பக்கத்துக் கதிரையில இருக்கிறவள் நான். ஒருநாள் நாடியில வெட்டுக்காயத்தோட வந்தாய். கேட்டால் பூனை கீறினதாம். உங்கட வீட்டில எங்கயடி பூனை? உன்ர அம்மாவுக்குப் பூனை எண்டாலே தும்மல்.”

“பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?”

“நீ பூனை எண்டாய். நானும் பூனை எண்டு விட்டிட்டன்.” ரதி கண்ணிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். “பொறு. பண்டாரவளைக்கு வரமாட்டன் எண்டு நிக்கிறது இதுக்கோ?”

“ஓம்.”

“அம்மாவுக்குச் சுகமில்லை எண்டது?”

“பொய்.”

ரதி கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் கிரீம். “நாசமாப் போவாய்! நான் குறட்டை விடுறனான், அதுக்குப் பயந்துதான் நீ மாட்டன் எண்டுறாய் எண்டு நினைச்சு எத்தனை இரவு நித்திரை இல்லாமல் கிடந்தனான் தெரியுமோ? மூக்கில ஒட்டுற பட்டிகூட வாங்கி வச்சிருக்கிறன்!”

இமெல்டா துணியை விலக்கிவிட்டுத் திரும்பினாள். “நீ குறட்டை விடுவியோ?”

“மச்சாள் குறட்டை விடுவாவோ?” ஹம்சிகா யன்னலோரத்திலிருந்து பதறினாள். “அப்ப அவரும்...?”

“நான் புல்லாங்குழல். அவன் தவில்,” என்றாள் ரதி. “நீ கலியாணத்துக்குப் பிறகு கதை.”

சீனியம்மா முக்காலியிலிருந்து விழாத குறை. ஜவாஹிறாவே கையுறையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படுங்க டீச்சர், கிரீம் எல்லாம் தலகாணியில,” என்றாள்.

ரதி படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “காலையில குளியலறை வாசல்ல நான் நிக்கிறன். ஆரும் கதவைத் தட்டினால் கடிச்சுப்போடுவன்,” என்றாள்.

இமெல்டாவின் முகத்தில் ஜவாஹிறா பூசிவிட்ட, எரியாத மாஸ்க் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கண்ணோரத்திலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

“அழுதா மாஸ்க் கரையும் டீச்சர்,” என்றாள் ஜவாஹிறா.

“அழேல்லை,” என்று சொல்லிச் சிரித்தாள் இமெல்டா. மாஸ்க் நாடியில் இரண்டாக வெடித்தது.

முகம் கழுவி எழுந்ததும் அவள் பவுடர் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளும் கடித உறையும் கேட்டாள். கண்ணாடிக்கு முன்னால், சீப்புகளை ஒதுக்கிவிட்டு, எழுதினாள். இலக்கம், திகதி, விளிப்பு எல்லாம் முறைப்படி. வழங்கப்பட்ட இடத்தை நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன். ரதி டீச்சருடன் ஒரே அறையில் தங்கச் சம்மதம். பழைய கடிதம் பஞ்சுகள் கிடந்த வாளிக்குள் போயிற்று.

காலி வீதியில் வெயில் ஏறியிருந்தது. பவுடர் இல்லாத முகத்தில் கடற்காற்று வந்து பட, மூவரும் தபால் கந்தோருக்கு நடந்தார்கள். ரதி வழி நெடுகக் கதைத்துக்கொண்டு வந்தாள். இமெல்டா உறையின் விளிம்பில் பசை தடவி, விரலால் இருமுறை அழுத்தி, கவுண்டருக்குள் நீட்டினாள்.

“ரெஜிஸ்டர் கரன்னத மிஸ்?” என, பதிவு செய்யவா என்று உள்ளேயிருந்தவர் சிங்களத்தில் கேட்டார்.

“ஔ, அய்யே,” என்று இமெல்டாவும் சிங்களத்திலேயே ஆமோதித்தாள்.

அவர் இலக்கச் சீட்டை ஒட்டி, முத்திரை குத்தி, கடிதத்தைப் பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.