முசியே நக்கிய தேன்

“பொய் சொன்ன வாயில என் தேனு பட்டுச்சுன்னு வையி பாய், எட்டூருத் தேனீயும் வெலாசம் விசாரிச்சிக்கினு வந்து அந்த வாயைக் கொட்டும். போன வருசம் பாகூருல ஒருத்தன். ஒதடு எம்மாம் வீங்கிச்சுன்றே? அவன் ஒதட்டு மேலயே குந்திக்கினு சோறு துன்னான்!”

உறுவையாற்றுச் சிந்தாமணி இப்படிச் சொல்லிவிட்டு, தலையிலிருந்த தேன் பானையை இறக்கி ஷேக் மைதீனின் நாட்டு மருந்துக்கடைப் படியில் வைத்தாள். வில்லியனூர்க் கடைத்தெருவே சிரித்தது. ஷேக் மைதீன் சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டில் இருந்த திப்பிலி தெருவுக்குப் பறந்தது. சிரிக்காமல் நின்றவர் ஒரே ஒருவர். ஆதிமூலம்.

ஆதிமூலத்தின் மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தேர்த் திருவிழாவில் வடம் அறுந்தால் அந்த மீசையைக் கட்டித் தேரை இழுக்கலாம் என்று ஊரில் பேச்சு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர் கொம்யூன் என்கிற ஊராட்சி ஆபீசில் கதவு திறந்துவிடும் சேவகர். உள்ளே போக வேண்டியவர்கள் முதலில் மீசைக்குத்தான் கும்பிடு போட்டார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறினார்கள். புதிதாக வந்த அதிகாரிகள் கதவைத் தாமே திறந்துகொண்டு உள்ளே போனார்கள். இந்த அநியாயத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

மிச்சம் இருந்தது ஒரு மீசை, ஒரு நாக்கு, ஒரு நாய். நாயின் பெயர் முசியே. துரைமார்களை ‘முசியே, முசியே’ என்று குனிந்து குனிந்து கூப்பிட்ட முதுகு அல்லவா? இப்போது அவர் விரலைச் சொடுக்கினால் முசியே வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு ஓடி வரும். அவருக்கு அது ஒரு தனி சுகம்.

நல்ல தேனை நாய் நக்காது என்பது ஊரின் நம்பிக்கை. அதனால் வில்லியனூரில் தேன் விற்க வந்த எவரும் முதலில் ஆதிமூலத்திடம் வர வேண்டும். ஒரு கொட்டாங்கச்சியில் தேனை ஊற்ற வேண்டும். முசியே வந்து மோந்து பார்க்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஆதிமூலம் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, உலகத்தையே காக்க வைத்து, “தேன்” என்பார். அந்த ஒரு சொல் இல்லாமல் எந்த வீட்டிலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

நாய் எல்லாத் தேனையும் நக்கும் என்பது ஆதிமூலத்துக்குத் தெரியும். சூட்சுமம் முசியேயின் வயிற்றில் இருந்தது. முதல் நாளே கொல்லைப்பக்கம் வந்து அவருக்கு ஒரு கலயம் தேனைக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் நல்லவர்கள். அன்று முசியேவுக்கு ஆட்டுக்குடலும் சோறும் தொண்டை வரைக்கும் கிடைக்கும். மறுநாள் அமிர்தத்தையே ஊற்றினாலும் ஏப்பம் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கலயம் கொடுக்காதவர் வருகிறார் என்றால் முசியே கொல்லையில் கட்டிக் கிடக்கும். ஒரு பருக்கை கிடையாது. பட்டினி கிடந்த முசியே தேனை மட்டுமல்ல, கொட்டாங்கச்சியையும், அதை வைத்த தரையையும் நக்கும்.

பண்டசோழநல்லூர் அய்யனாருக்கு அப்படித்தான் நடந்தது. நாய் நக்கியதும் தெருச்சனம் அவன் பானையைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்த்தது. அப்புறம் அவன் தேன் பக்கமே போகவில்லை. யார் வீட்டுக்கோ வேலி அடைத்துப் பிழைக்கிறான். சோற்றில் உப்பு குறைந்த நாளில் ஆதிமூலம் அய்யனாரின் அன்றைய முகத்தை நினைத்துக்கொள்வார். ருசி வந்துவிடும்.

இப்போது இந்தச் சிந்தாமணி. ஷேக் மைதீனுக்கு லேகியம் கிண்டத் தேன் வேண்டும். அவள் எடுக்கும் தேன் அத்தனையையும் இனித் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது நடந்துவிட்டால் அவள் வெயிலில் தெருத்தெருவாகக் கூவ வேண்டாம். அது அவள் கவலை. ஆதிமூலத்தின் கவலை வேறு. ஒருத்தி நேரே கடையில் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கொடுப்பார்கள். பொய்யரைத் தேனீயே கண்டுபிடிக்கும் என்று ஊர் நம்பிவிட்டால் அவர் எதற்கு? முசியே வெறும் நாய். அவர் வெறும் கிழவர்.

போதாக்குறைக்கு அவள் கலயமும் கொடுக்கவில்லை. மூன்று நாள் முன்பு நாசூக்காகக் கேட்டுப் பார்த்தார். “உன் நாய் கேட்டா குடுக்கறேன், பெரியவரே. நீ கேட்டா குடுக்க மாட்டேன்” என்று தெருவில் வைத்தே சொன்னாள். அன்றைக்கே முசியேவைக் கொல்லையில் கட்டிவிட்டார்.

“எனக்கு நம்பிக்கைதாம்மா,” என்றார் ஷேக் மைதீன், சிரிப்பை முடித்துக்கொண்டு. “ஆனா நாளைக்கி லேகியம் வாங்கறவன் கேப்பான்ல? ஆதிமூலம் ஐயா ஒரு வார்த்தை சொல்லிட்டா நமக்கும் நிம்மதி.”

அந்த ‘ஐயா’வில் ஆதிமூலத்தின் மீசை இரண்டு விரற்கடை உயர்ந்தது. விரலைச் சொடுக்கினார்.

முசியே வந்தது. வந்தது என்பதைவிட, அதன் எலும்புகள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வந்தன என்பதே சரி.

“இன்னாய்யா, நாய்க்கு வவுறு முதுவோட ஒட்டிக்கினு கீது?”

“அதுக்கு வயசாயிடுச்சு. உன் வேலையைப் பாரு. ஊத்து.”

சிந்தாமணி ஊற்றினாள். முசியே மோந்து பார்க்கவெல்லாம் இல்லை. பாய்ந்தது. நக்கிய வேகத்தில் கொட்டாங்கச்சி மூஞ்சியில் மாட்டிக்கொள்ள, அதோடு தெருவில் சுற்றிச் சுற்றி வந்தது. கனகாம்பரம் கட்டி விற்கும் கலியம்மாள் கைதட்டினாள். “நக்கிடுச்சுடி! கச்சியோட முழுங்குதுடி!”

ஆதிமூலம் மெதுவாகப் பானைக்குள் விரலை விட்டு, ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அடடா! வேப்பம்பூவின் கசப்பு அடித்தொண்டையில் ஒரு இழை போல நிற்க, அதன்மேல் இனிப்பு வழுக்கிக்கொண்டு இறங்கியது. இத்தனை வருசத்தில் இப்படி ஒரு தேனை அவர் தொட்டதில்லை. ஒரு கணம் அவருக்கே மனசு இளகியது. ஒரு கணம்தான்.

“வெல்லப்பாகு,” என்றார்.

தெரு ஹோவென்று கூவியது. தெருச்சனத்துக்கு வேலை வைக்காமல், அவரே பானையைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தார். கொண்டை, காது, கழுத்து, ரவிக்கை என்று தேன் இறங்கித் தரையில் குளம் கட்டியது. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து, ராத்திரிச் சோற்றுக்கு அந்த முகத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ள உற்றுப் பார்த்தார். அவளோ கடைவாயில் வழிந்ததை நக்கிக்கொண்டு, தேனெடுக்கும்போது போர்த்திக்கொள்ளும் ஈரச் சாக்கை மடியில் போட்டபடி கடைப்படியில் உட்கார்ந்தாள்.

“மீசையில ஒட்டிக்கினு கீது பெரியவரே.”

“இருக்கட்டுமே!” என்று, தேன் பிசுபிசுத்த விரல்களால் மீசையின் இரண்டு முனைகளையும் முறுக்கிவிட்டார்.

ஆவணி மாத வெயில். வேம்பும் புளியும் பூத்து ஓய்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஊரில் ஒரு தேனீ குடிக்கத் தேனுள்ள பூ இல்லை. கோயில் கோபுரத்தில் அடையடையாகத் தொங்கிக்கொண்டிருந்த மலைத்தேனீக்களும் முசியேவைப் போலவே பட்டினி. தெருவில் ஒரு பானைத் தேன் கொட்டிக் கிடந்தால் அவற்றுக்குத் தண்டோரா போட்டா சொல்ல வேண்டும்?

முதல் தேனீ வந்து மீசையின் இடது முனையில் உட்கார்ந்தது. பேசாமல் விட்டிருந்தால் குடித்துவிட்டுப் போயிருக்கும். ஆதிமூலம் பளாரென்று அடித்தார். நசுங்கிய தேனீயின் வாடை, கூட்டத்தையே உசுப்பிவிடும் வாடை, காற்றில் ஏறியது.

கோபுரமே எழுந்து வந்தது. சூரியன் மறைந்து, கோழிகள் கூண்டுக்குத் திரும்பின என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒருத்தர் வேட்டியை இன்னொருத்தர் மிதித்துக்கொண்டு தெருச்சனம் ஓடியது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. ஷேக் மைதீன் கடைப்பலகைகளைப் போட்டுவிட்டு, ஒரு கண்ணுக்கு மட்டும் இடுக்கு வைத்துக்கொண்டார்.

ஆதிமூலம் கலியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினார். “வூட்ல யாரும் இல்லே!” என்று உள்ளேயிருந்து கலியம்மாளே சொன்னாள்.

திரும்பி ஓடிவந்தார். சிந்தாமணி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டையில் தேனீக்கள் பந்திக்கு உட்கார்ந்ததுபோல வரிசையாக உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவளைக் கொட்டவில்லை.

“சாக்கு! அந்தச் சாக்கைக் குடும்மா!”

“தரேனே. நாயி முந்தாநேத்து இன்னா துன்னுச்சு? அதை மட்டும் சொல்லு.”

“பழைய சோறு!”

சொல்லத் திறந்த வாய்க்குள் ஒன்று புகுந்து நாக்கில் கொட்டியது.

“ஐயோ! கறி! கறிச்சோறு!”

இன்னொன்று.

“சரி, யோசிச்சுச் சொல்லு. எனக்கு ஒண்ணும் அவசரமில்லே,” என்று சாக்கை இன்னொரு மடிப்பு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கடை இடுக்கிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து இன்னொன்று.

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. எருமைகள் கிடக்கும் குட்டைக்கு ஓடிக் குதித்தார். எருமைகள் எழுந்து போய்விட்டன. மூச்சு விட மூக்கைத் தூக்கும்போதெல்லாம் மேலே காத்திருந்தவை ஒவ்வொன்றாக மரியாதை செய்தன.

அப்புறம் ஆதிமூலத்தின் முகத்தைப் பார்க்கத் திருக்கனூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கலியம்மாள்தான் தன் சொந்தக்காரர்களை அழைத்து வந்தாள். முகமெங்கும் சுண்ணாம்பு தடவி, கண்கள் இரண்டு கோடாகி, புது வீட்டு வாசலில் கட்டும் திருஷ்டிப் பூசணி போலப் பாயில் கிடந்தார். மீசை மட்டும் பூசணிக்குள் புதைந்த கயிறு. “கிட்டப் போய்ப் பாருங்கோ, ஒண்ணும் கடிக்காது,” என்றாள் கலியம்மாள்.

ஊர் ஒரே பேச்சாக இருந்தது. முசியே கொட்டாங்கச்சி நிறைய நக்கியது. கடைப்பலகைக்கு அடியில் படுத்துக்கொண்ட அதன்மேல் ஒரு கொட்டு இல்லை. சிந்தாமணி தேனில் குளித்தாள், ஒரு கொட்டு இல்லை. ஒரே ஒரு சொட்டு நாக்கில் வைத்தவருக்கு மட்டும் உடம்பில் ஊசி குத்த இடமில்லை. அவள் சொன்னது நடந்துவிட்டது. நம்பாத ஆள் ஊரில் ஒருவர்தான். வீங்கிய வாயால் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்: “பாகுதான் அது. இனிப்புக்கு வந்துச்சு. அடிச்சேன், கொட்டுச்சு. அம்மாந்தான்.”

அதை விட்டுவிட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது? மீசையும் வீக்கத்தில் புதைந்து போயிற்று.

மறுநாள் சாயங்காலம் ஷேக் மைதீன் சிந்தாமணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாலேயே தெருவும் வந்து சன்னலில் அப்பிக்கொண்டது. முசியேவும் வந்தது, வயிறு உருண்டு, சிந்தாமணியின் காலடியில் விழுந்து அப்போதே தூங்கிவிட்டது. ஆதிமூலம் விரலைச் சொடுக்கிப் பார்த்தார். வீங்கிய விரலில் சத்தம் வரவில்லை.

“ஐயா,” என்றார் ஷேக் மைதீன், கண்ணில் மட்டும் சிரிப்போடு, “உங்க வார்த்தைதான் கடைசின்னு நான் சொல்லிட்டேன். பாகுன்னா இன்னைக்கும் வாங்க மாட்டேன். சொல்லுங்க.”

ஆதிமூலத்துக்கு உயிர் வந்தது. ஒரு சொல். பழைய அந்த ஒரே சொல் போதும். எல்லாம் திரும்பி வந்துவிடும். வாயைத் திறந்தார்.

“இரு பெரியவரே,” என்று சிந்தாமணி கொட்டாங்கச்சியை அவர் முகத்தருகே வைத்தாள். “சும்மா சொன்னா எப்பிடி? அதே தேனுதான், வூட்ல மிச்சம் இருந்துச்சு. ஒரு சொட்டு நாக்குல வச்சிக்கினு சொல்லு.”

சன்னல் கப்சிப் என்றானது. அந்த அமைதியில் ஒரே ஒரு ரீங்காரம். எங்கிருந்தோ ஒற்றைத் தேனீ உள்ளே வந்தது. கொட்டாங்கச்சியின் விளிம்பில் உட்கார்ந்தது. எழுந்தது. பூசணியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மேலுதட்டுச் சுண்ணாம்பில் வந்து இறங்கியது.

ஆதிமூலம் அதைப் பார்க்கக் கண்களை மூக்கை நோக்கித் திருப்பினார். அடிக்கக் கை எழவில்லை.

“தேனு,” என்றார், உதடு அசையாமல்.

“அப்ப நாயி?” என்றாள் சிந்தாமணி.

“பட்டினி போட்டேன்.”

“பண்டசோழநல்லூர் அய்யனாருக்கும் அதானா?”

“அதான்.”

சன்னலில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். கலியம்மாளுக்கு அது போதவில்லை. கம்பிக்குள் தலையைத் திணித்துக்கொண்டு கேட்டாள்: “பொய் சொன்ன வாயைத் தேடிக்கினு வந்து கொட்டுச்சா, இல்ல சும்மா கொட்டுச்சா? அதைச் சொல்லச் சொல்லுடி சிந்தாமணி!”

தேனீ உதட்டில் இரண்டடி நடந்து, வாயோரத்தில் நின்றது.

“தேடிக்கினுதான் வந்துச்சு,” என்றார் ஆதிமூலம். “அவ சொன்னது நெசந்தான். நடந்துச்சு.”