சுற்றாமல் எரிந்த பல்பு

மின்வாரியக் காட்சிக்கூடத்தின் நடு மேசையில் இரண்டு காந்தங்கள், அவற்றுக்கிடையே ஒரு செப்புக்கம்பிச் சுருள், சுருளைச் சுழற்ற ஒரு கைப்பிடி, பக்கத்தில் சுவிட்சும் ஒரு குட்டி பல்பும். அந்தக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டுவதற்கென்றே பதினொரு வருடமாக ஒரு தற்காலிக ஊழியர் இருந்தார். கூடத்தில் எல்லோரும் அவரைக் கைப்பிடியார் என்றே கூப்பிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்திருக்கலாம். அதை யார் பார்த்தார்கள்?

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது. முதலில் சுவிட்சை அணைத்து வைத்துச் சுற்றச் சொல்வார். கைப்பிடி காற்றாகச் சுழலும். பிறகு சுவிட்சைப் போடுவார். பல்பு எரியும், கைப்பிடி சட்டென்று கனக்கும், பிள்ளைகள் பல்லைக் கடிப்பார்கள்.

"கனக்குதா? அந்தக் கனம்தான் அங்க வெளிச்சமா எரியுது. ஓசியில எதுவும் எரியாதும்மா. அணையில தண்ணி சுத்துது, அனல் நிலையத்துல நீராவி சுத்துது, இங்க நீ சுத்துற. அவ்வளவுதான் வித்தியாசம்."

புதிதாக வந்த மேலாளர் எழுதுபொருள் பிரிவிலிருந்து பதவி உயர்வில் வந்தவர். மின்சாரத்தோடு அவருக்கு இருந்த பழக்கம் சுவிட்சோடு நின்றுவிட்டது. வர்ணம் பூசிய கூடத்தை வெள்ளிக்கிழமை வாரியத் தலைவர் திறந்துவைக்கப் போகிறார், அவர் கையாலேயே கைப்பிடியைச் சுற்றப் போகிறார் என்றதும், மேலாளர் தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"பல்பு போடாதப்ப நல்லாத்தானே சுத்துது? போட்டதும் ஏன் மக்கர் பண்ணுது?"

"மக்கர் இல்ல சார். கரண்ட் எடுத்தா கனக்கத்தான் செய்யும். கனக்கலேன்னாதான் கோளாறு."

"எனக்கே பாடமா?" என்றவர், மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். ஒருவர் எண்ணெய் விடச் சொன்னார். இன்னொருவர் இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார். மூன்றாமவர் இருவரோடும் உடன்பட்டார். தரை முழுக்க எண்ணெய் வழிந்து துப்புரவுப் பணியாளர் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். கைப்பிடி கனத்துக்கொண்டே இருந்தது.

"தலைவருக்குத் தோள்பட்டை வலி. வெள்ளிக்கிழமை இது பஞ்சு மாதிரி சுத்தணும்," என்றார் மேலாளர். "உங்க நிரந்தர ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

வீட்டில் கைப்பிடியாரின் மனைவி பொறுமையாகக் கேட்டாள். பதினொரு வருடமாக 'அடுத்த வருஷம் நிரந்தரம்' என்ற பல்லவியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது.

"இத்தனை வருஷம் உண்மையைச் சுத்தினீங்க, என்ன கிடைச்சுது? ஒரே ஒரு நாள் ஊரோட ஒத்துப்போங்களேன்."

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்த டார்ச்சைத் திறந்து இரண்டு செல்களை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்போது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இருந்தாலும் எடுத்தார்.

மறுநாள் சுருளிலிருந்து பல்புக்குப் போகும் கம்பியைக் கழற்றினார். மேசைப் பலகைக்கு அடியில் செல்களை ஒளித்து, அவற்றிலிருந்து பல்புக்கு இணைப்புக் கொடுத்தார். தலைவரின் கை நின்ற நொடியில் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் சூட்சுமம்.

வெள்ளிக்கிழமை புகைப்படக்காரர் வந்ததும் மேலாளர் கைப்பிடியாரை முழங்கையால் ஒதுக்கிவிட்டுச் சுவிட்சருகே தானே நின்றுகொண்டார். தலைவர் சுற்றினார். பல்பு எரிந்தது. கைதட்டல். தலைவர் கையை எடுத்தார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"என்னய்யா, நிறுத்தின பிறகும் எரியுது?"

மேலாளர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "போன வாரம் பண்ணின மேம்பாடு சார். குழு போட்டு, எண்ணெய் விட்டு…"

"அப்படியா! பின்ன பவர் ஹவுஸ்ல மட்டும் எதுக்கு அத்தனை சக்கரத்தையும் வேலைமெனக்கெட்டுச் சுத்திக்கிட்டிருக்காங்க? ஆராயணும்." கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது. கூட்டத்தில் பொறியாளர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள்.

திங்கட்கிழமை மேலாளர் கைப்பிடியாரைக் கூப்பிட்டு இரண்டு தாள்களைக் கொடுத்தார். முதல் தாள், கைப்பிடி சுழற்றும் பணியிடத்தில் அவரை நிரந்தரமாக்கியது. கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டாவது தாள், சுழற்றாமலே பல்பு எரிவதைத் தலைவர் நேரில் கண்டதால் கைப்பிடி சுழற்றும் பணியிடம் ரத்து என்றது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"சார், பலகைக்கு அடியில டார்ச் செல் இருக்கு சார். நான்தான் வச்சேன். அது தீர்ந்தா அணைஞ்சிடும். தப்புத்தான், மன்னிச்சிடுங்க."

மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "தலைவர் திறந்து வச்சதுல செல் இருக்குமா? இருக்கவே இருக்காது. இதை எங்கயும் எழுதிக் குடுத்துடாதீங்க. போயிட்டு வாங்க."

நிரந்தர ஆணையை மனைவி சட்டம் போட்டு மாட்டினாள். மற்றதை அவர் மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார். செல் இருந்த அதே பை. எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் தவித்தார்.

வியாழக்கிழமை காலை தொலைபேசி அடித்தது. மேலாளரின் குரலுக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல்.

"ஒரு ஸ்கூலே வந்து நிக்குது, பல்பு எரியல. என்ன பண்ணணும், சீக்கிரம் சொல்லுங்க!"

இப்போது இழக்க ஒன்றுமில்லை. பதினொரு வருடமாகச் சொன்னதையே, பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "பழைய கம்பியைச் சுருள்ல மாட்டிட்டு, கைப்பிடியைச் சுத்தணும் சார். கனக்கும். கனக்கக் கனக்கச் சுத்தணும்."

அந்தப் பக்கம் மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"அதெப்படிய்யா சுத்த முடியும்? அந்தப் பணியிடம்தான் இப்ப இல்லையே!"