செட்டி வீட்டுப் படையல்

சேதுபதிக்கு வாய் அதிகம். மலாக்காவில், காஜா பேராங் ஊர்க் காப்பிக் கடையில் அது நாள் தவறாமல் வேலை செய்தது. மற்ற உறுப்புகளுக்கு ஓய்வு. ஜப்பான்காரன் வந்து, அரிசி போய், ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடந்த காலத்திலும் அந்த வாய் மட்டும் இளைக்கவில்லை.

அதற்கு அகப்பட்ட தீனி மாணிக்கவாசகம் என்ற மலாக்கா செட்டி. முன்னோர் தமிழ் வணிகர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே பெண்ணெடுத்து மலாய் பேசப் பழகியவர்கள். சாமி நிலைத்தது, தமிழ் நிலைக்கவில்லை.

"பேரப் பாரு, மாணிக்கவாசகம். வாயத் தொறந்தா மலாயி," என்பார் சேதுபதி. "எங்க, வாழைப்பழம்னு சொல்லு. சொன்னா காப்பி."

அந்த மனுஷன் சொல்வார். கடை சிரிக்கும். காப்பி வராது. இப்படியே ஒரு வருஷம். கடைசியில் மாணிக்கவாசகம் சந்தைக்குச் சுற்று வழியில் போக ஆரம்பித்தார். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடுவதில்லை. சேதுபதிக்கு வருத்தம்தான், பொழுது போகவில்லையே.

போகியன்று காலை, சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். போனவன் திரும்புவதில்லை என்பது ஊருக்கே தெரியும். சேதுபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். தினமும் கூட உட்கார்ந்து சிரித்த கணேசமூர்த்தியின் கதவைத் தட்டினார். உள்ளே தாழ் விழுந்தது. "அவரு வீட்ல இல்லீங்க," என்று கணேசமூர்த்தியே குரல் கொடுத்தார்.

அடுத்த சந்தில் மாணிக்கவாசகம் வாசற்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். போகியன்று செட்டிகள் முன்னோருக்குப் படையல் போடுவார்கள். பர்ச்சு என்று பேர். இலையில் சோறும் குழம்பும் வைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். செத்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிடும் நேரத்தில் உயிரோடிருப்பவன் உள்ளே இருக்கக் கூடாது. மாணிக்கவாசகம் சேதுபதியைப் பார்த்தார், தெருமுனையைப் பார்த்தார். அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

உள்ளே விளக்கு வெளிச்சத்தில் அரிசிச் சோறு. சேதுபதி அரிசியைக் கண்ணால் பார்த்து எட்டு மாதம். ஒரே ஒரு பிடி, பெரியவங்க கோவிச்சுக்காதீங்க என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு தின்றார். இரண்டாம் பிடிக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இப்படியா பசிக்கும்? பசித்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம். உள்ளே யார் என்று சிப்பாய் அரைகுறை மலாயில் அதட்டினான். சேதுபதி கதவிடுக்கில் கண்ணை வைத்தார்.

"டத்தோக் மாக்கான்," என்றார் மாணிக்கவாசகம் நிதானமாக. செத்துப்போன தாத்தா சாப்பிடுகிறார் என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து சேதுபதிக்கு ஓர் ஏப்பம் வந்தது. எட்டு மாதக் கிழங்கு தராத ஏப்பம், கதவு அதிர வந்தது.

செத்தவர்களுக்குப் படைப்பது சிப்பாயின் ஊரிலும் உண்டு. அவர்கள் ஏப்பம் விட்டுத்தான் அவன் கேட்டதில்லை. தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து கும்பிட்டு, பின்பக்கமாகவே நடந்து தெருவுக்குப் போனான்.

கொஞ்ச நேரம் கழித்து, வழக்கப்படி கதவை மூன்று முறை தட்டும் சத்தம். கதவு திறந்தது. மாணிக்கவாசகம், மனைவி சந்திரமதி, பின்னால் நாலு பிள்ளைகள், கையில் ஆளுக்கொரு தட்டு. முன்னோர் சாப்பிட்டது போக மிச்சம் பிள்ளைகளுக்கு. மாதக்கணக்கில் பிடி பிடியாகச் சேர்த்த அரிசி. இலையில் ஒரு பருக்கை இல்லை.

தன்னை நாலு அறை விட்டால் தேவலை என்றிருந்தது சேதுபதிக்கு. மாணிக்கவாசகம் வெற்று இலையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் மலாயில் சொன்னார்: "தாத்தா ரொம்ப தூரத்திலிருந்து வந்திருக்கார். நல்ல பசி."

பெரியவை மூன்றும் தலையைக் குனிந்துகொண்டன. காப்பிக் கடைப் பக்கமே போகாமல் வளர்ந்த கடைக்குட்டிக்குச் சேதுபதியின் முகம் தெரியாது. அப்பா சொன்னதை அப்படியே நம்பி, காலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவர் காலில் விழுந்து கும்பிட்டாள்.