ஃபெயின்ட்லி என்றால்

எங்கள் மீட்புக் குழுவில் என் வேலை கேட்பது. கட்டடம் இடிந்து விழுந்தால், இடிபாட்டின் மேல் ஒலிவாங்கிகளைப் பதித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, உள்ளே யாராவது தட்டுகிறார்களா என்று கவனிப்பேன். கேட்டதை ரேடியோவில் சொல்ல வேண்டும். குழுவில் பல மொழிக்காரர்கள் இருப்பதால் அதற்கு மூன்று ஆங்கிலச் சொற்கள். நன்றாகக் கேட்டால் கிளியர்லி. மெலிதாக, தெளிவில்லாமல் கேட்டால் ஃபெயின்ட்லி. எதுவும் கேட்காவிட்டால் நத்திங்.

இதில் நடுச்சொல்லை நாங்களே கெடுத்தோம். "பசிக்குதா?" "ஃபெயின்ட்லி." "உங்க வீட்டுக்காரர் உங்க பேச்சைக் கேப்பாரா?" "ஃபெயின்ட்லி." இந்த இரண்டாவது பதில் என்னுடையதுதான்; குழுவே வயிறு குலுங்கச் சிரித்தது. நாளடைவில் அந்தச் சொல்லுக்கு மரியாதையே இல்லாமல் போய்விட்டது.

அன்று இடிந்தது ஒரு வாகன நிறுத்தக் கட்டடம். உள்ளே லிப்ட் மெக்கானிக் ஒருவர் சிக்கியிருந்தார். தடுப்புக் கயிற்றுக்கு வெளியே அவர் மனைவி, காலில் செருப்புகூட இல்லாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சமிருந்த பக்கச்சுவர் எந்த நேரமும் சாயலாம்; சாய்ந்தால் கீழே நிற்கும் எங்கள் ஆட்களின் கதி அதோகதி. அதனால், உள்ளே உயிர் இல்லை என்று தெரிந்தால் பொக்லைனை விட்டுச் சுவரைத் தள்ளிவிடுவது என்று முடிவு. தள்ளினால் அது இடிபாட்டின் மேல்தான் விழும்.

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டொக். வெகுநேரம் கழித்து இன்னொரு டொக்.

"ஃபெயின்ட்லி," என்றேன் ரேடியோவில்.

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். பழக்கதோஷம். எங்கள் குழுவின் கேப்டன் நேரிலேயே வந்துவிட்டார்.

"அக்கா, விளையாடாதீங்க. கேட்டுதா, கேக்கலையா?"

"ஃபெயின்ட்லி."

"அதெல்லாம் ஒரு பதிலா? தண்ணி சொட்டுற சத்தமா இருக்கும். பாம்புக்காதுன்னு உங்களுக்குப் பேர் வச்சது எங்க தப்பு. கீழ என் பசங்க நிக்கிறாங்கக்கா."

அவர் கவலை அவருக்கு. கிளியர்லி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் நான் கை காட்டும் இடத்தில் துளை போடுவார்கள். இடம் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. துளைக்கும் எந்திரம் அந்த மனுஷன் தலையிலேயே இறங்கினால்? எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேப்டன்மேல் பாதி, அந்தச் சொல்லைக் கெடுத்த என்மேல் பாதி.

"கேக்கலைன்னா நத்திங்னு சொல்லியிருப்பேன். சொன்னேனா? ஃபெயின்ட்லின்னா சத்தம் மெலிசுன்னு அர்த்தம், சத்தமே இல்லன்னு இல்ல. எல்லா எஞ்சினையும் நிறுத்துங்க. அதுவரைக்கும் இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். வேணும்னா பொக்லைன என் மேல ஏத்துங்க!"

கேப்டன் பல்லைக் கடித்தார். பிறகு ஆட்களைச் சுவரிலிருந்து தள்ளி வரச் சொல்லிவிட்டு, எஞ்சின்களை அணைக்க வைத்தார். நான் அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒலிபெருக்கியைக் கையில் கொடுத்தேன்.

"அவரை மூணு தரம் தட்டச் சொல்லும்மா."

முதலில் அவருக்குக் குரலே எழும்பவில்லை. பிறகு எழும்பியது பாருங்கள்!

"என்னங்க! மூணு தட்டு தட்டுங்க! தட்டலைன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்!"

டொக். டொக். டொக்.

"ஃபெயின்ட்லி," என்றேன். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

சுவருக்கு இரும்புத் தூண்களால் முட்டுக்கொடுத்தோம். ஒலிவாங்கிகளை இடம் மாற்றி மாற்றிப் பதித்து, சத்தம் லிப்ட் குழியின் ஓரத்திலிருந்து வருவதைக் கண்டுபிடித்தேன். அதன்பிறகு கையால்தான் தோண்டினார்கள். உடம்பெல்லாம் சிமென்ட் தூளோடு அவரை வெளியே தூக்கியபோது நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவர் மனைவி காதருகே குனிந்து, "நான் பேசறது கேக்குதா?" என்று கத்தினார்.

"லேசா," என்றார் அவர்.

"லேசாத்தானா?" அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்திருந்த கேப்டன் என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் சொன்னார்:

"அழாதீங்கம்மா. லேசான்னா, கேக்குதுன்னு அர்த்தம்."