கைக்குத் தெரிந்த கனம்

சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லை என்று மேசை மேலிருந்த ஜாடியைத் தூக்கியவனுக்குக் கை பாதியிலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு அது புதுச் சாமான். கழுத்திலிருந்து அடி வரை கண்ணாடிச் சில்லு, இடையிடையே வெந்நீரில் போட்டெடுத்துக் கத்தரித்த பழைய சிடித் துண்டு, வாயைச் சுற்றித் தங்க நிறப் பெயிண்ட். ஆனால் கைக்கு அது பழகின சாமான். ஒரு பக்கமாக இழுக்கிற கனம். இதை முன்னமே தூக்கியிருக்கிறாய் என்று கை சொன்னது.

அவனுக்குத் தொழிலே தூக்குவதுதான். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்கி இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆள் உயரம் என்பதால் கூட வேலை செய்கிறவர்களுக்கு அவன் ஏணி. எந்த பீரோ எந்த நிறம் என்று கேட்டால் முழிப்பான். எந்த மூலை கனம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்.

மனைவி வீட்டு வேலைக்குப் போகிறவள். ஒரு வருஷமாக அவளுக்கு இந்த ஜாடிப் பைத்தியம். விரிசல் விட்டது, வாய் சிதைந்தது என்று ஊரார் தூக்கிப் போட்டதையெல்லாம் கொண்டுவந்து, மணல் நிரப்பிய அலுமினியச் சட்டியில் உருளாமல் சாய்த்து வைப்பாள். முடி வெட்டுகிற கடையில் உடைந்த கண்ணாடியைச் சில்லு சில்லாக ஒட்டி, இடுக்கில் வெள்ளை சிமெண்டு தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து எடுத்தால், பழைய சினிமாவில் கதாநாயகி பியானோ வாசிக்கிற கூடத்தில் ஜாடி ஒன்று ஜொலித்துக்கொண்டு நிற்குமே, அதே மாதிரி ஒன்று எழுந்து நிற்கும். குப்பையில் கிடந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"இது ஏது?" என்றான்.

"எது?"

"இந்த ஜாடி."

"குடுத்தாங்க."

"யாரு?"

"மூணாவது மாடி வீட்டம்மாதான். பின்ன எனக்கு யாரு குடுப்பா, மகாராஜாவா?" என்று சிரித்தாள். சிரிப்பு கொஞ்சம் முந்திக்கொண்டு வந்த மாதிரி இருந்தது அவனுக்கு.

அதற்குள் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் சாமான்களை இறக்கியவன் அவன்தான். லிப்ட் வேலை செய்யாத நாள். "இதை மட்டும் பெட்டியில போடாதீங்கப்பா, நெஞ்சோட அணைச்சுக் கொண்டாங்க. எங்க வீட்டுக்காரர் ஞாபகமா மிச்சமிருக்கறது இது ஒண்ணுதான்" என்றார் அந்த அம்மா. அவனும் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு மூன்று மாடி ஏறினான். வெள்ளை ஜாடி, உடம்பில் நீலக் கொக்கு. அவன் அதை இறக்கி வைத்ததுமே, வேலைக்கு நம்பிக்கையான ஆள் கிடைக்குமா என்று கேட்டார். "என் சம்சாரமே வரும்மா, நான் பொறுப்பு" என்றான். அப்பேர்ப்பட்ட ஜாடியை யாராவது தூக்கிக் கொடுப்பார்களா?

மறுநாள் லாரியில் போகும்போது மனைவியின் கைவேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. டிரைவர் விளையாட்டாகத்தான் சொன்னான்: "ஏணி, உன் வீட்டுக்காரி கண்ணாடி ஒட்டிட்டா பெத்தவங்களுக்கே அடையாளம் தெரியாதுடா. ஒருநாள் உனக்கும் ஒட்டி வித்துடப் போறா, பாத்துக்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் பல்லைக் காட்டினான். அடையாளம் தெரியாது என்ற சொல் மட்டும் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்று அவள் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டு சில்லைப் பெயர்த்தான். நீலமாக ஒரு கொக்கின் கால் தெரிந்தது. பசை தடவித் திரும்ப ஒட்டினான். லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் பார்த்தால் அது நேராகியிருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ஒரு வாரம் குடைந்துகொண்டிருந்தான். அவள் சும்மா இருந்தால் எதையோ மறைக்கிறாள். பாட்டு முணுமுணுத்தால் மறைப்பதற்காக முணுமுணுக்கிறாள்.

அவளிடமே இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்தவன் நான், நாளைக்கு என் தலையில்தானே விடியும் என்று எண்ணி, அவள் வேறு வீட்டு வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து மூன்று மாடி ஏறினான்.

"ஜாடியா?" என்று அந்த அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். "போன மாசம் அலமாரியக் காலி பண்ணினப்ப சிலதை எடுத்துக்கன்னு சொன்னேன். இதுவும் அதுல இருந்துச்சா?"

"நீலக் கொக்கு போட்டதும்மா."

அந்த அம்மாவின் முகத்தில் எதுவோ நகர்ந்தது. "குடுத்திருப்பேன்" என்றார். "ஏன்ப்பா, ஏதாவது பிரச்சினையா?"

"ஐயோ, இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

"சும்மாவா?" என்று திரும்பி அலமாரியைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரைக்கும் நிதானமாக. படியிறங்கும்போதுதான் தான் என்ன செய்துவிட்டு வருகிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அங்க போனீங்களா?"

"அந்தப் பக்கம் ஒரு லோடு இருந்துச்சு..."

"எங்கிட்ட இருந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கிட்டாங்க. இனிமே நான் இருக்கறப்ப மட்டும் வாம்மான்னாங்க. கெளம்பறப்ப பையைத் தொறந்து காட்டச் சொன்னாங்க. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தன்மையாச் சொன்னாங்க."

"குடுத்தது அவங்கதானே, அவங்களுக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு அதைக் கையில வெச்சுக்கிட்டு அழுதாங்க. பாக்கப் பாக்க மனசு தாங்கல, கண்ணுல படாம எடுத்துட்டுப் போன்னாங்க. கண்ணுல படக் கூடாதுன்னுதான் ஒரு இடம் விடாம ஒட்டினேன். அழுதவங்ககிட்ட மறுநாள் போயி, நெசமாத்தான் குடுத்தீங்களான்னு சாட்சி வெச்சுக் கேக்க முடியுமா?"

அவன் தலையாட்டினான். உண்மையாக இருக்கும் என்று பட்டது. உண்மையாக இல்லாவிட்டாலும் இதைத்தானே சொல்வாள் என்றும் உடனே பட்டது. அந்த இரண்டாவது நினைப்பை விரட்டத்தான் பார்த்தான். அது போவதாக இல்லை.

காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். தோளிலிருந்த பையை இறக்கி, ஜிப்பை முழுக்க இழுத்து, அவன் முன்னால் நீட்டினாள்.

"பாத்துக்குங்க."

"எதுக்கு இப்ப இதெல்லாம்?"

"போறப்ப என்ன இருந்துச்சுன்னு ஒருத்தருக்காவது தெரியணும்ல."

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். கண் அதற்குள் உள்ளே போய்விட்டது. டிபன் டப்பா, சீப்பு, தண்ணீர் பாட்டில். அடியில் சுருட்டி வைத்த துணி ஒன்று. கொஞ்சம் புடைப்பாக இருந்தது. அவன் பார்வை அங்கேயே கிடந்தது.

அவள் அந்தத் துணியை எடுத்தாள். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். தரை துடைக்கிற பழைய துணி. அதற்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரியவில்லை.